ஒண்ணுமே போடாத கிருஷ்ணவேணி

ஒண்ணுமே போடாதவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. அவசரப்படாதீர்கள், உடுப்பைச் சொல்லவில்லை. முகத்தைச் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் பார்த்திருப்பீர்கள். காதுகுத்து வீட்டில், ரேஷன் கடை வரிசையில், துக்க வீட்டுப் பந்தலில்கூடப் பார்த்திருப்பீர்கள். புருவம் இரண்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். உதடு ஒரு கூடை நாவற்பழத்தைக் காலி பண்ணிவிட்டு வந்த மாதிரி இருக்கும். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், இரண்டுக்கும் நடுவில் தாலுகா எல்லை மாதிரி ஒரு கோடு ஓடும். கிட்டப் போய், "இன்னாக்கா, இன்னிக்கு ஜோரா இருக்கிற, இன்னா போட்டுக்கினு வந்த?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சந்தையில் பர்ஸ் அடித்துவிட்டதாகப் பழி போட்ட மாதிரி நெஞ்சில் கை வைப்பார்.

"நானா? அய்ய, நான் ஒண்ணுமே போடலம்மா. சும்மா மூஞ்சி கழுவிக்கினு வந்தேன்."

அந்தச் 'சும்மா'வுக்குள் ஒரு பொழுது முழுவதும் அடங்கியிருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்ற நேரம், கரண்ட் போய்விட்டதால் ஜன்னலோரம் போய் நின்ற நேரம், ஒரு கண் சரியாக வந்து இன்னொரு கண் சரியாக வராததால் இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்த நேரம், எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பொய் சொல்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். இவருக்குத் தெரியாது. கண்ணாடியிலிருந்து வாசற்படிக்கு வருவதற்குள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். அது ஒரு வரம்.

ஆண்களில் இந்த இனம் கிடையாதா என்கிறீர்களா? ஏன் கிடையாது? மொட்டை மாடியில் தலைக்குப் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு, "வடாம் காயுது, காக்கா ஓட்டிக்கினு இருக்கேன்" என்று சொல்கிற அந்த மனுஷர் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரிடம் பிறகு வருவோம். முதலில் அவருடைய மனைவி.

அவள் பெயர் கிருஷ்ணவேணி. திண்டிவனத்தில் எங்கள் எதிர் வீடு. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தென்னரசு என்கிற இளைஞர் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் ஓரம் வெட்டாமல், கோணாமல் நகல் எடுத்துத் தருவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணில் மை தீட்டிக்கொண்டு வந்தால், "எனக்குப் பொறந்ததுலேர்ந்தே கண்ணு கறுப்பு" என்பாள். முகத்தில் பவுடர் அப்பியிருந்தால், "வெயில்ல நடந்து வந்தேனா, வெளுத்துப்போச்சு" என்பாள். வெயிலில் வெளுப்பது துணிதானே, தோலுமா என்று யாரும் கேட்பதில்லை. அவள் சொல்கிற தினுசில் நமக்கே அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறதே என்று தோன்றிவிடும்.

இப்படி மையும் பவுடருமாகக் காலம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், போனில் ஒரு பெண் வந்து அவள் வாழ்க்கையைக் கெடுத்தாள். எந்த ஊர்ப் பெண்ணோ, சின்ன டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகைப் பொடியை எடுத்து இமைமேல் வைத்துக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். நேராகப் பார்த்தால் நீலம். சாய்ந்தால் பச்சை. சிரித்தால் ஊதா. பட்டுச்சேலைக் கடையில் மயில்கழுத்துக் கலர் என்று எடுத்துப் போடுவார்களே, அந்தச் சேலையையே உரலில் இடித்துச் சலித்து எடுத்த மாதிரி ஒரு ஜிகினாப் பொடி. கிருஷ்ணவேணி அந்த வீடியோவைச் சாப்பிடும்போது பார்த்தாள், பஸ்ஸில் பார்த்தாள், குக்கர் விசில் அடிக்க அடிக்கப் பார்த்தாள். மறுநாள் நேரு வீதியில் ஒரு பேன்சி கடைக்குப் போனாள்.

"ஜிகினாப் பொடி வேணுங்க. மயில்கழுத்துக் கலர்ல. எனக்கில்ல, பொண்ணுக்கு."

அவளுக்கு இருப்பது ஒரே பையன். சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

"ஸ்கூல் புராஜெக்ட்டுக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா, ஆமா. அதுக்குத்தான்."

நியாயமான மனுஷர். சார்ட் பேப்பரில் பசை தடவித் தூவுகிற டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கண்ணுக்கு என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கண்ணுக்கு உரியதைத் தேடிக் கொடுத்திருப்பார். எப்படிப் போடுவது என்று கேட்டிருந்தால், முதலில் இன்னதைத் தடவம்மா, அதன்மேல் இதை மெல்ல ஒற்று, அப்போதுதான் உதிராது என்று சொல்லியிருப்பார். ஆனால் கேட்க முடியாதே. ஒண்ணுமே போடாதவள் எப்படிப் போடுவது என்று எப்படிக் கேட்பாள்?

ஆக, ஆட்காட்டி விரலால் தொட்டு, உலர்ந்த பொடியை உலர்ந்த இமைமேல் அப்படியே வைத்துக்கொண்டு கிளம்பினாள். பொடி இமைமேல் எவ்வளவு நேரம் உட்காரும்? கண் சிமிட்டுகிற வரைக்கும் உட்காரும். அப்புறம் கன்னத்துக்கு வரும். கன்னத்திலிருந்து ரவிக்கைக்கு. ரவிக்கையிலிருந்து டிபன் பாக்ஸுக்கு. தயிர் சாதம் மினுமினுத்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுடைய தோள்பட்டை மினுமினுத்தது. கடைக்குப் போய்க் குனிந்து வேலையை ஆரம்பித்தாளோ இல்லையோ, ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மினுமினுத்தது.

அன்றைக்குக் கலர் ஸ்கேன் எடுக்க வந்தவர்களின் கதி என்ன? மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, பயிர்க்கடன் கேட்டு ஒரு விவசாயி கொண்டுவந்த பட்டாவில் நிலம் பூராவும் நட்சத்திரம் பூத்திருந்தது. உதவித்தொகைக்கு மனுப்போட வந்த ஒரு பெரியவர் தன் வருமானச் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அழாத குறையாக நின்றார்.

"எம்மா, இத்தப் பாத்தா எனக்கு எப்டிம்மா பணம் குடுப்பான்? வசதியான ஆளுன்னு இல்ல நெனச்சிக்குவான்?"

தென்னரசு ஓடிவந்து கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் புதிதாக விழுந்தது.

"யக்கா, மெஷின் மேல இன்னாமோ மின்னுதுக்கா."

"கண்ணாடி பழசாயிடுச்சு தம்பி. உள்ள ரசம் உரியுது. மெக்கானிக்கக் கூப்புடு."

விழுப்புரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். மெஷினை அக்கக்காகக் கழற்றினார், ஊதினார், மாட்டினார். நிமிர்ந்து கிருஷ்ணவேணியின் முகத்தைப் பார்த்தார். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார். கல்யாணமானவர் போலிருக்கிறது, ஒன்றும் பேசாமல் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கூட வேலை செய்யும் அமலாதான் சின்னப் பெண், வாயை அடக்கத் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"யக்கா, கண்ணுல இன்னாக்கா பளபளன்னு?"

"வேர்வைம்மா."

"பச்சையாவாக்கா வேர்க்கும்?"

"எங்க வம்சத்துல அப்டித்தான்."

வீட்டில் கோகுலகிருஷ்ணன், அதாவது நம் வடாம் காவலன், இதைப் பார்க்காமலா இருந்தான்? தலையணையில் மின்னியது. அவன் மீசையில் மின்னியது. காபியில் மிதந்தது. வேளாண் விரிவாக்க மையத்தில் வேலை பார்க்கிற ஆள். இலையின் அடிப்புறம் இருக்கிற பூச்சியைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அந்த வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. எழுதாத ஒப்பந்தம், பேசாத ஒப்பந்தமும்கூட. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் எதற்கு மாடிக்குப் போகிறான் என்று அவள் கேட்கக் கூடாது. கண்ணாடி முன்னால் அவள் என்ன செய்கிறாள் என்று அவன் கேட்கக் கூடாது. "எங்க பரம்பரையில நரையே கெடையாது" என்று அவன் ஊருக்கெல்லாம் சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். எத்தனையோ குடும்பங்கள் இதைவிட மோசமான அஸ்திவாரத்தில் நிற்கின்றன.

அந்தச் சமயத்தில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு வந்தது. கோகுலகிருஷ்ணனின் அத்தை மகளுடைய பெண்ணுக்கு. சாயங்காலம் இருவரும் பஸ் ஏறினார்கள். கிருஷ்ணவேணி அன்றைக்கு விசேஷம் என்பதால் இரண்டு விரலால் எடுத்துப் போட்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் டவுனைத் தாண்டும் வரை ஆபத்தில்லை. நான்கு வழிச்சாலையில் ஏறி வேகம் எடுத்ததும் காற்று அடித்தது பாருங்கள், கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இமையில் இருந்ததில் பாதி பின்சீட்டுக்குப் போய்விட்டது. அங்கே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கூத்தில் ராஜா வேஷம் கட்டப் போகிறவர் மாதிரி ஜொலிக்க ஆரம்பித்தார். மீதிப் பாதி எங்கே போனது? கிருஷ்ணவேணியின் வலது கண்ணுக்குள் போனது.

கசக்கினாள். கசக்கக் கூடாது, கசக்கினாள். விக்கிரவாண்டி வருவதற்குள் கண் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"இன்னா வேணி, தூசா?"

"ஒண்ணுமில்லீங்க. காத்து."

மண்டபத்துக்குள் நுழையும்போது ஒரு கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர். அதைப் பார்த்த பெண்ணின் தாய் உருகிவிட்டாள். "யாருக்கு இல்லாட்டியும் எங்க அண்ணிக்கு எம்பொண்ணு மேல எம்மாம் பாசம் பாருங்க!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழுததைப் பார்த்து மணப்பெண் அழுதாள். மணப்பெண் அழுததைப் பார்த்து மாப்பிள்ளை பயந்துபோனான். போட்டோகிராபர் மட்டும் சந்தோஷமாகப் படம் எடுத்தார். எல்லார் தோளிலும் மயில்கழுத்து மின்னியது. சாப்பாட்டுப் பந்திக்குப் போவதற்குள் கிருஷ்ணவேணியால் அந்தக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கோகுலகிருஷ்ணன் இலையில் வைத்த இனிப்பை அப்படியே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து, ஒரு சின்ன கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே டாக்டர் அஸ்வினி. இளம் வயது, பொறுமையான பெண். கிருஷ்ணவேணியின் தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, கண்ணுல என்ன போட்டீங்க?"

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"ஒண்ணுமே போடலைங்க டாக்டர்."

"மேக்கப் ஏதாவது?"

"எனக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க. சும்மா மூஞ்சி கழுவிக்கினு வந்தேன்."

டாக்டர் கையுறையைப் பார்த்தார். விரல் நுனி நீலமாக மின்னியது. திருப்பினார், பச்சையாக மின்னியது. கோகுலகிருஷ்ணனைப் பார்த்தார். அவன் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தை, தேர்வுக்குப் படிக்கிறவன் மாதிரி கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கண்ணைக் கழுவினார். மறுபடி கழுவினார். பெரும்பாலும் வந்துவிட்டது. ஒன்றிரண்டு துணுக்கு மட்டும் வரவில்லை.

"பாருங்கம்மா, கருவிழி மேல கீறல் இருக்கு. அதுல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு. அது பிளாஸ்டிக்கா, கண்ணாடித் தூளா, தகரமான்னு தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி எடுக்கலாம். தெரியாம நான் நோண்டக் கூடாது. கண்ணைக் கட்டி விடுறேன். நாளைக்குச் சாயங்காலம் வாங்க. யோசிச்சுப் பாருங்க. ஞாபகம் வந்தா அந்தப் பொருளையே எடுத்துக்கிட்டு வாங்க. வரலைன்னா பாண்டிச்சேரிக்கு எழுதித் தர்றேன். புண் ஆழமாயிட்டா தழும்பு நின்னுடும்மா. பார்வை மங்கிடும்."

விளையாட்டு அந்த நிமிஷத்தோடு முடிந்திருக்க வேண்டும். "போட்டேன்" என்ற ஒரு சொல். மூன்றெழுத்தோ நான்கெழுத்தோ. கிருஷ்ணவேணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "யோசிக்கிறேங்க" என்றாள்.

காலையில் கோகுலகிருஷ்ணன் பெருமுக்கலில் இருக்கும் தன் தாய் கெங்கம்மாளுக்குப் போன் பண்ணினான். என்ன சொல்வான்? உண்மையைச் சொன்னால் ஒப்பந்தம் முறிந்துவிடும். அதனால், "வேணிக்குக் கண்ணுல இன்னாமோ ஆயிடுச்சும்மா. மயில்கழுத்துக் கலர்ல மின்னுது. டாக்டருக்கே இன்னான்னு தெரியல" என்றான். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கெங்கம்மாள் போனைக் கீழே வைத்தாளோ, வைக்காமலே பஸ் ஏறினாளோ, இட்லி ஆறுவதற்குள் திண்டிவனம் வந்து சேர்ந்துவிட்டாள். மருமகளை வெளிச்சத்தில் உட்கார வைத்தாள். வலது கண்ணில் கட்டு. இடது இமையில், எத்தனை சோப்புப் போட்டும் போகாத மினுக்கு. இப்படிப் பார்த்தாள், நீலம். அப்படிப் பார்த்தாள், பச்சை. கெங்கம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"வேணி, நெசமா சொல்லு. நீ எதுனா போட்டியா?"

"நான் ஒண்ணுமே போடல அத்த."

பழக்கதோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போடாம எப்டி வரும்? மயிலு! மயிலம் முருகன் மயிலு! பஸ்ஸு கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதானடா கண்ணு வலிச்சுது? அங்கேர்ந்து மயிலம் எம்மாந்தூரம்? மலையிலேர்ந்து அவன் மயிலு ரெக்கைய ஒதறிக்கினு வந்து இவ கண்ணுல தொட்டுட்டுப் போயிருக்குது!"

இதற்கு மேல் நடந்தவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு வந்தாள். அவள் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தாள். கெங்கம்மாள் மருமகளுக்கு முன்னால் ஒரு தட்டில் விபூதியை வைத்தாள். கிருஷ்ணவேணி வெட்கத்தில் குனிந்தாள்; குனிந்ததும் புருவத்தில் தங்கியிருந்த மிச்சப்பொடி விபூதியில் உதிர்ந்தது. தட்டு ஜொலித்தது. "பாத்தியா, பாத்தியா!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சின்னக்கண்ணு அந்த விபூதியை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, "எம்மா, எம்பொண்ணுக்கு உளுந்தூர்ப்பேட்டையிலேர்ந்து இந்தப் பக்கம் டிரான்ஸ்பர் கெடைக்குமான்னு ஒரு கண்ணால பாத்துச் சொல்லும்மா" என்றாள். இருக்கிறதே ஒரு கண்தான். கிருஷ்ணவேணி அதையும் மூடிக்கொண்டாள். மத்தியானம் ஆவதற்குள் எங்கள் தெருவில் மினுங்காத நெற்றி இல்லை. பால்காரர் மினுங்கினார். அவருடைய கறவை மாடும் மினுங்கியது.

என் நெற்றியா? நானும் ஒரு சிட்டிகை வாங்கிப் பூசிக்கொண்டேன். நான்கு பேர் செய்வதை நாமும் செய்ய வேண்டியதுதானே.

அப்போதுதான் கெங்கம்மாள் எழுந்து, மயிலம் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பி, தெருவே கேட்கும்படி வேண்டிக்கொண்டாள்.

"முருகா! எம்மருமவளுக்குக் கண்ணக் குடு. எம்மவன் தலைமுடியும் மீசையும் உனக்கு!"

கோகுலகிருஷ்ணன் திகைத்து நின்றுவிட்டான். மனைவியின் கண்ணைவிட முடி பெரிதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது சுலபம். மொட்டை போடுவதில் பயமில்லை. மொட்டைக்குப் பிறகு ஒரு வாரத்தில் முளைக்கப் போவது என்ன நிறம் என்பது அவனுக்குத்தான் தெரியும். பரம்பரையிலேயே நரை கிடையாதே!

உள்ளே போய் அறைக்கதவைச் சாத்தினான். கூட்டத்துக்குத் தப்பி அங்கே வந்திருந்த கிருஷ்ணவேணி, கட்டிலில் ஒற்றைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

"வேணி, அந்த டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"அதான்... டாக்டர் கேட்டாங்களே."

"நான்தான் ஒண்ணும் போடலன்னு சொல்லிக்கினு இருக்கேனே."

"பேஜாரு பண்ணாத வேணி. கண்ணு சமாச்சாரம்."

"கண்ணுக்காகக் கேக்குறீங்களா, மீசைக்காகக் கேக்குறீங்களா?"

வெளியே கூட்டத்தின் இரைச்சல். அவள் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். கட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"உள்ள குத்திக்கினே இருக்குங்க. பார்வை போயிருமா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"நான் டை அடிக்கிறேன் வேணி."

"தெரியும்."

"தெரியுமா?"

"தலையணை உறை பூரா கறுப்பு. தொவைக்கிறது யாரு?"

"உன் தலையணை பூரா ஜிகினா. நான் தினம் மீசையக் கழுவிக்கினு ஆபீஸ் போறேன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையால் நல்ல கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடையில நிக்கிறேனே, ஒருத்தர் என் மூஞ்சப் பாத்துப் பேசுனது கெடையாதுங்க. காகிதத்த நீட்டுவாங்க, மெஷினப் பாப்பாங்க, வாங்கிக்கினு போய்டுவாங்க. இத்தப் போட்டதுக்கப்புறம் வர்றவங்க போறவங்க எல்லாரும் ஒரு நிமிசம் நின்னு பாத்தாங்க. போட்டேன்னு சொல்லிட்டா, போட்டதத்தான பாத்தாங்கன்னு ஆயிடும். போடலன்னு சொன்னா, என்னியப் பாத்தாங்கன்னு இருக்கும். அதான்."

பயிருக்குக் கோகுலகிருஷ்ணன் அறிந்த மருந்து எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் எழுந்து, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து அவனிடம் காட்டினாள்.

நியாயமான பெண். டாக்டரிடம் போவதற்கு முன்னால் மாமியாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாசலுக்கு வந்து, கூட்டத்துக்கு முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள்.

"அத்த, மயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான் போட்டேன். கடையில வாங்கிப் போட்டேன். தொ, இதுதான் டப்பா."

கெங்கம்மாள் டப்பாவை வாங்கினாள். திறந்து பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். அவள் கண்கள் கலங்கின.

"பாத்தீங்களா எம்மருமவளோட அடக்கத்த! இத்தினி வருசத்துல மூஞ்சிக்கு ஒரு மஞ்சள்கூட நான் போட்டுக்கினேன்னு அவ வாயால சொன்னதில்ல. அப்டியாப்பட்டவ, முருகன் தனக்குக் குடுத்த பேர மறைக்கிறதுக்கு எப்டிக் கத கட்டுறா பாருங்க! பெரும வேணாமாம் அவளுக்கு!"

"இல்ல அத்த, நெசமாவே நான்..."

"போதும்மா. நீ ஒண்ணுமே போட மாட்டேன்னு ஊருக்கே தெரியும்" என்றாள் சின்னக்கண்ணு. தெருவே ஆமாம் என்றது.

இத்தனை வருஷம் கட்டிய கோட்டை. உள்ளிருந்து கதவைத் தட்டுகிறாள், ஒருவரும் திறக்கவில்லை.

டாக்டர் அஸ்வினி ஒருவர்தான் நம்பினார். டப்பாவைத் திருப்பி அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். கைவேலைக்கு மட்டும், கண்ணில் படக் கூடாது என்று போட்டிருந்தது. "பிளாஸ்டிக்தான். ஓரம் கூர்மையா வெட்டியிருக்கான்" என்று சொல்லி, சொட்டு மருந்து விட்டு, மரத்துப் போனதும் அந்தத் துணுக்குகளை எடுத்தார். "ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா தழும்பு விழுந்திருக்கும்" என்றார். அப்புறம் கிருஷ்ணவேணியின் தோளில் தட்டி, "போடணும்னு ஆசை இருந்தா கண்ணுக்குன்னு கேட்டு வாங்கிப் போடுங்கம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார். கிருஷ்ணவேணி அந்த ஒரு வாக்கியத்தைத் திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள். கோகுலகிருஷ்ணன் ஜன்னலைச் சாத்தினான்.

கண் குணமானது. பார்வைக்கு ஒரு பழுதும் இல்லை. முடி? வேண்டுதல் வேண்டுதல்தானே. "ஜிகினாவோ மயிலோ, கண்ணு வந்துச்சா இல்லியா?" என்று கெங்கம்மாள் கேட்டாள். அடுத்த கிருத்திகைக்கு மயிலம் மலையடிவாரத்தில் கோகுலகிருஷ்ணன் தலையைக் குனிந்தான். மீசையும் போனது. நாவிதர் சிரைத்த முடியின் அடிவேரைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தார். அவரும் கல்யாணமானவர் போலிருக்கிறது, கத்தியைத் துடைத்துக்கொண்டார். தலையில் சந்தனத்தைப் பூசினார்கள். பத்து நாள் கழித்து மண்டை பூராவும் வெள்ளை வெளேரென்று முளைத்தபோது, ஆபீஸில் கேட்டவர்களிடம், "சந்தனம் காஞ்சிக்கினு வருது" என்றான். கிருஷ்ணவேணி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்த வெள்ளை முட்களைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தாங்க இருக்கு, அப்டியே வுட்டுடுங்க" என்றாள். அவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

டாக்டர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த டப்பாவைக் கெங்கம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள். பெருமுக்கலில் சாமி மாடத்தில், சூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கன்றுக்குட்டி சோர்ந்திருந்தாலும், பேரப்பிள்ளைகள் பரீட்சைக்குப் போனாலும் நெற்றிக்கு ஒரு சிட்டிகை. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருமகள் வாரம் ஒரு தடவை போன் பண்ணுகிறாள். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் இப்போது கிருஷ்ணவேணியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அமலா கேட்டாள், "யக்கா, நெசமாவே முருகன்தானா?" கிருஷ்ணவேணி, "இல்லம்மா, நான்தான் போட்டேன்" என்றாள். "போங்கக்கா, உங்களுக்கு எப்பவும் தன்னடக்கம்தான்" என்று அமலா போய்விட்டாள்.

எதற்கு இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன்? இந்த இனம் முகத்தோடு நிற்பதில்லை என்பதால் சொல்கிறேன். விருந்தாளிக்கு ஆறு வகை சமைத்து வைத்துவிட்டு, "இன்னா பண்ணேன், இருந்ததப் போட்டு ஆக்குனேன்" என்கிறவர் யார்? ராத்திரி பகலாகப் படித்து முதல் மார்க் வாங்கிவிட்டு, "நான் புக்கையே தொடல" என்கிறவர்? நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "யாரோ தெரியாம எடுத்தது" என்கிறவர்?

நீங்கள் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால், இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஓரிடத்தில், 'நல்லவேளை, நம்மகிட்ட இதெல்லாம் கெடையாது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்களே, அது எதற்கு?

நான் கேட்கவே இல்லையே.